சைக்கிள் ரியூப்பை எரித்த ஹனிபா

நான் சொல்லப்போவதை நீங்கள் ஒருவரும் நம்பப்போவதில்லை என்று முதலிலேயே சத்தியம் செய்துவிடுகிறேன். ஹனிபாவை அறிந்தவர்கள் நம்ப முயலக்கூடும். என்னையும் சேர்த்து அறிந்தவர்கள் அதையும் செய்யமாட்டார்கள்.

போன வெள்ளிக்கிழமை காலை திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் என் வீட்டு வாசலில் கிண்ணியா மீன் வியாபாரி சைக்கிளை நிறுத்தினார். மீன் கொண்டுவரவில்லை. "ஐயா, உங்கட கூட்டாளி ஹனிபா மௌத்தாகிட்டார்" என்றார். முகத்தில் பாதிச் சவரத்துடன் நின்ற நான் மீதியைச் செய்யாமலே புறப்பட்டேன். ஜனாஸா வீட்டில் ஒருவரும் என் தாடையைப் பார்த்துச் சிரிக்கவில்லை. சிரித்திருக்கக்கூடிய ஒரே ஆள் வெள்ளைத் துணிக்குள் இருந்தார்.

நாங்கள் இருவரும் ஒரே கந்தோரில் வரைபடம் வரையும் உத்தியோகம் பார்த்தவர்கள். நீண்ட விடுமுறை வந்தால் சைக்கிள்களில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு காட்டுப் பக்கம் போய்விடுவோம். கூடாரம் என் பொறுப்பு, நெருப்பு அவருடையது. ஒரு போத்தல் மண்ணெண்ணெய் போதுமே என்று சொன்னால் அவருக்கு அவமானம். முட்டைக் கோதுக்குள் மரத்தூளும் மெழுகும் வார்த்து வருவார். மனைவியின் தலை எண்ணெயில் பஞ்சைத் தோய்த்து, பால்மா ரின்னில் அடைத்து வருவார். தேங்காய்த் தும்பைக் கற்பூரத்தோடு உருட்டி வருவார். ஒருமுறை அந்தத் தும்புருண்டை எரிந்த உயரத்தைக் கண்டு, சீனன்குடாவில் இறங்க வந்த விமானம் கொழும்புக்கே திரும்பிவிட்டது. கூடாரத்தின் ஒரு மூலையும் போயிற்று. ஆனால் தூறல் விழுந்தால் எல்லாம் செத்துவிடும். "மழையில பத்தாட்டி அது நெருப்பில்ல மச்சான், விளக்கு" என்று தீர்ப்பையும் அவரே சொல்லுவார்.

வெருகல் ஆற்றங்கரையில் தங்கியிருந்த ஒரு மாரிகாலப் பிற்பகலில் என்னைப் புடையன் கடித்தது. மூதூருக்கு ஆளேற்றி ஓடும் லாஞ்சின் நீளம் அந்தப் பாம்புக்கு, மீசையும் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி அக்கரையில். தோணிக்காரரின் குடிசையும் அக்கரையில்தான். இக்கரையில் புகை எழுந்தால் ஆள் நிற்கிறது என்று அறிந்து வருவது அந்தத் தோணித்துறையின் வழக்கம். மழை கொட்டியது. கூப்பிட்ட குரல் பாதி ஆற்றைக்கூடத் தாண்டவில்லை. முட்டைக் கோது, பஞ்சு, தும்பு, ஒவ்வொன்றாக அணைந்தன. என் கால் வீங்கி, பல் ஈறில் இரத்தம் கசியத் தொடங்கியது.

ஹனிபா என் முகத்தைப் பார்த்தார். பிறகு தன் புதுச் சைக்கிளைக் கவிழ்த்து, சக்கரத்தைக் கழற்றி, ரியூப்பை உருவிப் பேனாக்கத்தியால் நாடா நாடாவாக அறுத்தார். அறுத்துக்கொண்டே, "நித்திரை கொள்ளாத மச்சான். உன்ட கலியாணக் கதையச் சொல்லு, பொய்யாச் சொல்லு" என்றார். மெழுகில் தோய்த்த தீக்குச்சிகள் தைலப் போத்தலொன்றில் அவரிடம் இருந்தன. கூடாரச் சீலையின் கீழ் குனிந்து ஒன்றை உரசினார். ரப்பர் பற்றியது. இரண்டு சைக்கிள்களின் நாலு ரியூப்பும் எரிந்தன. அந்தக் கரும்புகையில் திருகோணமலைத் துறைமுகத்துக் கப்பல்கள் பகலிலேயே விளக்கேற்றின. சந்தைக் காகங்கள் கூடடைந்தன.

தோணிக்காரர் வந்து ஆற்றையும் என்னையும் பார்த்தார். "படுக்க வச்சுக் கொண்டு போறதெண்டா ஒராளுக்குத்தான் இடம். ரெண்டு பேரை ஏத்தினா மூண்டு பேரும் போயிருவம். திரும்பி வாறதெண்டா இனி விடிஞ்சாப் போலதான் ஏலும்."

"அவரக் கொண்டு போங்க" என்றார் ஹனிபா. "நான் சைக்கிளப் பாத்துக்கொண்டு நிக்கிறன்."

ரியூப் இல்லாத சைக்கிள்களை யார் களவெடுக்கப் போகிறார்கள்? யானை நடமாடும் கரை அது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. எரிப்பதற்கு இனி அவரிடம் ஒன்றும் இல்லை.

ஆஸ்பத்திரியில் நான் கண்விழித்தபோது கட்டிலருகே ஹனிபா விரல்களில் கரியோடு நின்றார். யானை வந்ததா என்று கேட்டேன்.

"வந்தது. ரப்பர் மணத்துக்கு மூக்கப் பொத்திக்கொண்டு போயிட்டுது."

"எதால பொத்தினது?"

"அதத்தான் மச்சான் நானும் ராவு முழுக்க யோசிச்சன்."

பாம்புக்கு மீசை இல்லை. விமானம் ஒழுங்காகத்தான் இறங்கியது. யானைக் கதை அவருடையது. அதற்கு நான் பொறுப்பில்லை. தோணியில் ஒருவருக்குத்தான் இடம் இருந்தது, அதை அவர் எனக்குத் தந்தார். அந்தச் சிறு பகுதி மட்டும் உண்மை. அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பதும் அந்த இடம்தான்.