தவிட்டுக் கஞ்சிக்கு நான் போட்ட மதிப்பெண்

சப்பான்காரன் காலத்தில் பினாங்கே மெலிந்துகொண்டிருந்தபோது, நான் மட்டும் சதை போட்டுவருவதாக நம்பிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு தெரிந்தால் வாசகர்கள் என்னை ஏமாற்றுக்காரன் என்பார்கள்; இப்போது சொன்னால் வெறும் மடையன் என்பதோடு போய்விடும்.

மெலிந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்த பார்வையே தனி. தெருவில் எதிர்ப்படுகிறவர் முதலில் என் முகத்தைப் பார்ப்பார், பிறகு வேட்டிக்குக் கீழே தெரியும் என் கால்களைப் பார்ப்பார், பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்கண்ணே வாங்குறீங்க?" என்பார். கள்ளச்சந்தையில் எனக்குப் பெரிய கை ஒன்று இருப்பதாக ஊர் முடிவு கட்டியிருந்தது. நான் மறுக்கவில்லை. புன்னகை செய்தேன். ஆஸ்பத்திரியில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக, ஆயுளில் பாதியைக் கழித்தவனை அதற்குமுன் யாரும் எதற்காகவும் சந்தேகப்பட்டதே இல்லை.

உண்மையில் என் கள்ளச்சந்தை மிகச் சிறியது. என் நல்ல சட்டைகள் ஒவ்வொன்றாகச் சீயாம் வெள்ளை அரிசியாக மாறிக்கொண்டிருந்தன. அந்த அரிசி எனக்கு மட்டும். மனைவியும் மகள்மாரும் மரவள்ளிக்கிழங்கும் பாசிப்பயறும், கொல்லையில் பறித்த முருங்கைக்கீரையும் சாப்பிட்டார்கள். உத்தியோகக் குடும்பத்தின் தலைவன் கிழங்கு தின்று அலுவலகம் போவது மரியாதையல்ல என்று நானே ஒரு விதி செய்து வைத்திருந்தேன். அரிசியைக் கழுவுவதிலும் விதி உண்டு. கழுநீர் பளிங்காக வரும்வரை கழுவவேண்டும். அந்தக் கழுநீர் பக்கத்து வீட்டுப் பசுவுக்குப் போயிற்று. அந்தப் பசு கொழுகொழுவென்று இருந்தது. நானும் அப்படித்தான் இருக்கிறேன் என்று எண்ணிக்கொண்டேன்.

என் மனைவிக்கு இந்தச் செழிப்பில் நம்பிக்கை இல்லை.

"இஞ்சாருங்கோ, உது சதையில்லை. வீக்கம். பின்னேரத்திலை இன்னும் ஊதுது."

"சதை எண்டா பின்னேரம் கூடாதோ? பகல் முழுக்கச் சாப்பிடுறனெல்லோ."

"அப்ப சப்பாத்து ஏன் கொள்ளேல்லை?"

"மழையிலை நனைஞ்சு சுருங்கிப்போச்சு."

"ரெண்டும் ஒரேயளவிலை சுருங்கிச்சுதோ?"

நல்ல பூட்ஸ் தோல் அப்படித்தான் சுருங்கும் என்று விளக்கம் சொல்லி, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். பிறகு செருப்பின் வாரும் சுருங்கியது. அதற்கும் விளக்கம் இருந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, பொறுப்புள்ள உத்தியோகம். இரவில் நிமிர்ந்து படுக்க முடியாமல் தலையணைமேல் தலையணையாக அடுக்கிச் சாய்ந்திருக்கிறேனா, படிக்கிற பழக்கம். நெஞ்சு படபடக்கிறதா, வழியில் சிப்பாய்க்குக் குனிந்து வணக்கம் போட்டுவந்த யாருக்குத்தான் படபடக்காது?

இந்த நிலையில்தான் என்னை இருதய ஆராய்ச்சிக்கு நீதிபதி ஆக்கினார்கள்.

ஆஸ்பத்திரியைச் சப்பானிய ராணுவ மருத்துவர் ஒருவர் மேற்பார்த்தார். நடுத்தர வயது, மூக்குக்கண்ணாடி, எப்போதும் இஸ்திரி போட்ட சட்டை. ஆங்கிலம் கொஞ்சம் வரும். மலாயில் இரண்டு சொல் வரும். பிடித்திருந்தால் "பாகுஸ்", பிடிக்காவிட்டால் "தாபோலே". அந்த இரண்டை வைத்தே ஆஸ்பத்திரி முழுவதையும் ஓட்டினார். இருதயமும் ரத்த ஓட்டமும் கெட்டு வருகிற நோயாளிகள் பெருகியதால், அவர்களுக்குப் பயன்படும்படி ஓர் ஆராய்ச்சி நடக்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றிற்று. தேர்வாகிற டாக்டருக்கு ஒரு வார்டு, இரண்டு தாதிமார், அடுப்புக்கு விறகு, ராணுவக் கிடங்கிலிருந்து வேண்டிய சாமான். அந்த நாளில் ராஜ்யமே கொடுத்ததுபோல. ஆஸ்பத்திரியில் மிஞ்சியிருந்த டாக்டர்கள் எல்லாரும் விண்ணப்பம் எழுதினார்கள். எல்லாரும் எழுதிவிட்டதால் மதிப்பிட டாக்டரே இல்லாமற்போனார்.

ஆகவே மூவர் குழு. தலைவர் அவர். இரண்டாவது, தலைமைத் தாதி. முப்பது கட்டில் வார்டை ஒரு கனைப்பில் அடக்குகிற தமிழ்ப்பெண். மூன்றாவது நான். வெள்ளைக்கார டாக்டர்கள் ஓடும்போது விட்டுப்போன மருத்துவப் புத்தகங்களுக்குத் தூசி தட்டுகிற பொறுப்பு என்னுடையது. திறந்து பார்க்காமல் தூசி தட்டுவது எனக்கு வராது. நோய்களின் லத்தீன் பெயர்கள் நிறையத் தெரிந்திருந்தன. நோய்கள்தாம் தெரியவில்லை.

விண்ணப்பங்கள் பழைய காய்ச்சல் அட்டைகளின் பின்பக்கத்தில் எழுதப்பட்டு வந்தன. வெறுங்காகிதம் என்பது ஊரில் அப்போது இல்லை. ஒருவர் நோயாளிகளைக் கொடிமலை ரயிலில் ஏற்றி, உயரம் கூடக்கூட நாடி எப்படி மாறுகிறது என்று பார்க்க விரும்பினார். அதில் லத்தீன் கொட்டிக் கிடந்தது. என் உள்ளம் குளிர்ந்தது. இன்னொருவர், கப்பலில் வந்துகொண்டிருந்த இருதய மருந்து நின்றுபோனதால், அரளிவேரைக் காய்ச்சி அதற்கு ஈடு செய்யலாம் என்றார். அரளியின் மற்ற உபயோகம் தமிழர்களுக்குத் தெரியும். நோயாளி இருதயத் துன்பத்திலிருந்து நிரந்தரமாக விடுபடுவார் என்பதில் ஐயமில்லை. ஆனாலும் கையெழுத்து அழகாக இருந்தது.

கடைசி விண்ணப்பம் ஒரே ஒரு அட்டை. கால் வீங்கி வருகிறவர்களின் வார்டைப் பார்த்துக்கொண்டிருந்த இளம் டாக்டருடையது. எங்கள் யாழ்ப்பாணத்துப் பிள்ளைதான். அதனாலேயே கூடுதல் கண்டிப்போடு படித்தேன். நோயாளிகளுக்கு அரிசித் தவிட்டில் கஞ்சி காய்ச்சிப் பாசிப்பயறு போட்டுக் கொடுப்பாராம். பிறகு மூன்று கேள்வி கேட்பாராம். கக்கூசுவரை மூச்சு வாங்காமல் நடக்க முடிகிறதா? நிமிர்ந்து படுத்துத் தூங்க முடிகிறதா? செருப்புக் கொள்கிறதா?

லத்தீன் ஒரு சொல்கூட இல்லை. நூற்றுக்குப் பன்னிரண்டு போட்டேன். "மாட்டுத் தீவனத்தை மனிதருக்குப் பரிந்துரைப்பது நாகரிகமன்று; செருப்பு, ஆராய்ச்சிக் கருவியுமன்று" என்று குறிப்பும் எழுதினேன். அந்த வாக்கியம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வீட்டில் உரக்கப் படித்துக் காட்டினேன்.

"அந்தப் பெடியன் சொல்லுறதைச் செய்தா என்ன?" என்றாள் மனைவி. அவள் பார்வை என் கால்மேல் இருந்தது.

கூட்டம் காலையில் கூடியது. காலை என்பது தோக்கியோ நேரப்படி. கடிகாரம் சூரியனுக்கு முந்தி எழுந்துவிடுகிற காலம் அது. நீள மேசைக்கு ஒருபுறம் நாங்கள் மூவரும். எதிரே இளம் டாக்டர். அரளிக்காரரும் மலைக்காரரும் பேசிவிட்டுப் போயிருந்தார்கள். அரளியைச் சொன்னபோது சப்பானியர் "பாகுஸ்" என்று தலையாட்டியதை நான் கவனித்திருந்தேன். தலைமைத் தாதியும் கவனித்தார்.

"அண்ணே," என்று என் பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தார், "அரளி வந்துச்சுன்னா கட்டில் எல்லாம் சீக்கிரமே காலியாயிடும் லா. நீங்க யாருக்குப் போட்டிருக்கீங்க?"

"மலைக்கு."

"மலைக்கா? வாசல் படியேறவே முடியாத ஆளுங்கள மலைக்கா ஏத்தப் போறீங்க?"

வாசல் படியேறிய களைப்பு எனக்கு இன்னும் தீரவில்லை.

இளம் டாக்டரிடம், நீதிபதிக்குரிய குரலில் கேட்டேன்: "தம்பி, இருதயச் சத்தத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. செருப்பைப் பற்றி இருக்கு. இதென்ன?"

"ஐயா, நான் வார்டிலை இருக்கிறவையட்டைக் கேட்டனான், என்ன சுகமானாச் சுகம் எண்டு சொல்லுவியள் எண்டு. இருதயச் சத்தம் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. நடக்கவேணும், படுக்கவேணும், செருப்புப் போடவேணும். அவ்வளவும்தான் சொன்னவை. அதைத்தான் எழுதினனான்."

"ஆளை எப்படித் தெரிவு செய்வீர்?"

"முழங்காலுக்குக் கீழை, முன்னெலும்பிலை பெருவிரலாலை அமத்திப் பார்க்கிறது. விரலை எடுத்தாப் பிறகும் குழி நிண்டால், அவர் எங்கட ஆள்."

யார் காலை அமுக்கினாலும் குழி விழத்தானே செய்யும் என்று எனக்குத் தோன்றிற்று. இந்தச் சோதனையின் அபத்தத்தை அங்கேயே நிரூபிக்க எண்ணி, மேசைக்கடியில் குனிந்து என் காலை அமுக்கினேன்.

விரல் உள்ளே போயிற்று. எடுத்தேன். குழி அங்கேயே இருந்தது. பிசைந்து வைத்த மாவில் விழுந்ததுபோல, என் பெருவிரலின் அச்சு என்னை நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தது. காலைத் தேய்த்துப் பார்த்தேன். போகவில்லை. ஒருவேளை இடதுகால் மட்டும் இப்படியோ என்று வலதுகாலுக்கு நியாயம் வழங்கினேன். அங்கும் குழி.

"என்னண்ணே தேடறீங்க?" என்றார் தலைமைத் தாதி.

"பேனா மூடி."

"மூடி பேனாவுலதான் இருக்கு."

நிமிர்ந்தபோது தலை மேசையில் இடித்தது. அது வலிக்கக்கூட இல்லை. நடை, படுக்கை, செருப்பு: அந்த மூன்று கேள்விக்கும் என் பதில் என்ன என்று அப்போதுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கால்வீக்கத்தில் தொடங்கி இருதயம் ஊதி இரண்டே வாரத்தில் போனவர்களின் சாவுச் சான்றிதழ்களை எழுதியவன் நான். அழகாக எழுதினேன். எழுத்துப்பிழை ஒன்றும் இருந்ததில்லை.

சப்பானியர் எங்கள் மதிப்பெண் தாள்களைக் கேட்டுக் கை நீட்டினார். தலைமைத் தாதி தவிட்டுக்கு முழு மதிப்பெண் போட்டிருந்தார். என் தாளில் பன்னிரண்டு என்று பளிச்சென்று இருந்தது. அதை அப்படியே கொடுத்தால் தவிடு கீழே போய், தலைவர் மெச்சிய அரளி வென்றுவிடும். வார்டில் கிடப்பவர்களோடு நானும் போய்ச் சேரவேண்டியதுதான். திருத்தலாம் என்றால், இப்போது எனக்கு இதில் சொந்த லாபம் வந்துவிட்டது; தனக்கே தீர்ப்பு எழுதுகிற நீதிபதியை எந்த நூலும் மெச்சவில்லை. மறைக்காமல் சொல்லிவிட்டுத்தான் மாற்றவேண்டும். ஆனால் என் காலில் இருப்பது பெரிபெரி, தவிடு போன வெள்ளை அரிசியால் வருகிற நோய், என்பதை அந்த மனிதருக்கு எந்த மொழியில் சொல்வது? அவருடைய கொஞ்ச ஆங்கிலம் அதற்குப் போதாது. நான் எழுந்து, வேட்டியை ஒதுக்கி, என் இடதுகாலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்தேன்.

சப்பானிய அதிகாரியின் முகத்துக்கு நேரே கால் தூக்கிய முதல் கிராணி நானாகத்தான் இருப்பேன்.

அவர் மெல்ல எழுந்து மேசையைச் சுற்றி வந்தார். பளாரென்று கன்னத்தில் ஒன்று விழுந்தது. மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். தம் பெருவிரலால் என் காலை அமுக்கினார். எடுத்தார். இருவரும் சேர்ந்து குழியைப் பார்த்தோம்.

"கக்கே," என்றார்.

அது வசவா, நோயா என்று எனக்குத் தெரியவில்லை; பெரிபெரிக்குச் சப்பானியர் வைத்த பெயர் என்று பிறகுதான் அறிந்தேன். இளம் டாக்டர் தலையசைத்தார். சப்பானியர் திரும்பிப் போய், தம் கோப்பிலிருந்து தவிட்டு விண்ணப்பத்தை எடுத்து அவரிடம் நீட்டினார். அதில் சிவப்பு முத்திரை விழுந்திருந்தது. "பாகுஸ்," என்றார்.

அந்த நாளில் முத்திரை மை தேங்காயெண்ணெய் கலந்தது. குத்தினால் அரைநாள் காயாது, தொட்டவன் விரலெல்லாம் சிவக்கும். அட்டையை வாங்கிய இளம் டாக்டரின் விரல்கள் சுத்தமாக இருந்தன. நல்ல மை என்று நினைத்தேன். அதற்குமேல் நினைக்க எனக்கு நேரமில்லை, நான் அழுதுகொண்டிருந்தேன்.

மறுநாளே வார்டில் படுத்தேன். தவிட்டுக் கஞ்சியின் ருசியைப் பற்றிப் பக்கத்து வீட்டுப் பசுவைத்தான் கேட்கவேண்டும். தொண்டையில் மரத்தூள்போல் இறங்கும். எனக்கு அது அமுதமாக இருந்தது என்று எழுத ஆசைதான், பொய். ஆனால் சில நாளில் உடம்பிலிருந்த நீரெல்லாம் சிறுநீராகப் போகத் தொடங்கிற்று. பக்கத்துக் கட்டிலில் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர் ஒருவர் கிடந்தார். அவர் கக்கூசிலிருந்து திரும்பும்போது நான் புறப்படுவேன், வழியில் சந்திப்போம்.

"கிராணி ஐயா, இன்னுமா முடியல? நான் ஒரு தொங்காங்க மெதக்க விட்டுட்டேன்யா!"

அவருடைய படகு மிதந்த அந்த வார்டில் நாங்கள் சிரித்த சிரிப்பு, வெளியே ஊர் இருந்த நிலைமைக்குக் கொஞ்சம் அதிகம்தான். மூச்சு வாங்காமல் சிரிக்க முடிகிறது என்பதற்காகவே மறுபடியும் சிரித்தோம். ஒரு மத்தியானம் தலையணைகளை எல்லாம் தள்ளிவிட்டு நிமிர்ந்து படுத்தேன். நெஞ்சு தன் பாட்டில், யாருக்கும் தெரியாமல், நல்ல கிராணியைப்போல வேலை செய்துகொண்டிருந்தது. விழித்தபோது சாயங்காலம்.

வீட்டிலிருந்து சப்பாத்தைக் கொண்டுவரச் சொன்னேன். கால் வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று.

"தோல் திரும்ப விரிஞ்சிட்டுதாக்கும்," என்றாள் மனைவி. நாடாவைக் கட்டிவிட்டவளும் அவள்தான். மிச்சமிருந்த வெள்ளை அரிசியைக் கொடுத்துப் பாசிப்பயறு வாங்கிவிட்டதாகத் தரையைப் பார்த்தே சொன்னாள். நான் விதி எதையும் எடுத்துக் காட்டவில்லை.

வீடு திரும்புகிற அன்று தலைமைத் தாதியிடம் விடைபெறப் போனேன். அந்த வார்டிலிருந்து எழுந்து நடந்துபோகிறவர்களைப் பார்க்கப் பார்க்க, என் காலின் பெருமை எனக்குள் வளர்ந்திருந்தது. ஒரு கால் தூக்கினேன், ஒரு வார்டு பிழைத்தது என்கிற பொருள்பட, அடக்கமாகத்தான், ஏதோ சொன்னேன்.

அவர் ஊசிகளைக் கொதிநீரில் போட்டுக்கொண்டே கேட்டிருந்துவிட்டுச் சொன்னார்.

"அண்ணே, அவரு தவிட்டுக்கு மொத நாளே முத்திரை குத்திட்டாரு லா, எனக்கே அப்புறந்தான் தெரியும். அவரு சிப்பாய்ங்க பாதிப் பேருக்குக் கால் வீங்கிக் கெடந்துச்சு, அரளிக்குப் பாகுஸ்னாலும் அதையா குடுப்பாரு? பேப்பர்ல மூணு பேரு இருக்கணுமேன்னுதான் நம்மளக் கூப்பிட்டாரு. நீங்க காலத் தூக்கினதுல கெடச்சது கன்னத்துல வாங்கின அந்த அறை ஒண்ணுதான்."