நாற்பத்தோராம் நிமிடத்தில் நின்ற படம்

"என் லேப்டாப்பில் நன்றாகத்தானே ஓடுகிறது?" என் தொழிலில் இருப்பவர்கள் சொல்லக்கூடாத வாக்கியம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். படம் ஓடவில்லை என்று ஒருவர் புகார் சொன்னால் அவருடைய திரையில் என்ன தெரிகிறது என்று கேட்க வேண்டும். நம் திரையைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லக்கூடாது. மலேசியாவில், ரவாங்கில் ஒரு சிறிய பயிற்சி நிறுவனத்தின் இணைய வீடியோக்களைக் கவனிக்கும் வேலையில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாயே வலித்திருக்கிறது. அப்படிப்பட்ட நான், என் சொந்த ஜனங்களிடம் இரண்டு வாரம் அந்த வாக்கியத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவர்கள் பார்க்க முயன்றது எங்கள் தோட்டத்துக் கோயிலில் நடந்த ஒரு கூட்டத்தின் பதிவு. கோலசிலாங்கூரிலிருந்து செகிஞ்சான் போகும் பாதையில் உள்ளே திரும்பினால் வரும் செம்பனைத் தோட்டம் எங்களுடையது. எங்களுடையது என்று வாய்தான் சொல்கிறது, நிலம் கம்பெனியுடையது. தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான பழைய லயங்களை இடித்துவிட்டு, தோட்டத்து ஓரத்தில் புது வீடுகள் கட்டப் போவதாகப் பேச்சு வந்தது. வேலையில் இருப்பவர்களுக்கு வீடு நிச்சயம். வேலையை விட்டு நின்ற பிறகும் லயத்திலேயே இருக்கும் ஒன்பது குடும்பங்களுக்கு என்ன வழி என்பதுதான் கேள்வி. அந்த ஒன்பதில் ஒன்று என் அப்பா. முப்பது வருடத்துக்கும் மேல் குலை வெட்டியவர். அம்மா போன பிறகு லயத்துக் கடைசி வீட்டில் தனியாக இருக்கிறார். அவருக்குத் தனக்கென்று ஒரு வீடு வேண்டும், அவ்வளவுதான்.

அன்றைக்கு மானேஜர் கோயிலுக்கே வந்தார். ஒன்பது குடும்பங்களுக்கும் வீடு உண்டு என்று மைக்கில் சொன்னார். யாரோ ஒருவர் எழுந்து, கடிதமாகக் கொடுங்கள் என்றாராம். உடனே பெரியவர்களுக்குக் கோபம் வந்துவிட்டது. ஆத்தா சன்னிதியில் நின்றுகொண்டு கையெழுத்துக் கேட்பது அசிங்கமாம். சூடம் ஏற்றிக் கொண்டுவரச் சொன்னார்கள். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால் எங்கள் தோட்டத்தில் அதற்கு மேல் பேச்சு இல்லை. மானேஜரும் நம் ஆள்தான், மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. அடித்தார். அவருக்குச் சாட்சியாகக் கோயில் செயலாளரும் இரண்டாவது சூடத்தை அடித்தார். அந்தச் செயலாளர் என் அண்ணன்.

அண்ணன்தான் தோட்டத்துக் கிராணியும், காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டுக் கணக்கு எழுதும் குமாஸ்தா. எங்கள் குடும்பத்தில் அரிவாளைத் தொடாமல் பேனாவைப் பிடித்த முதல் ஆள். அன்று சாயங்காலம் அப்பா எனக்குப் போன் செய்தார். "ஒங்க அண்ணனும் அடிச்சான்மா. கையில கொப்புளம் போட்டுருச்சு. நான்தான் மருந்து வெச்சேன்." அவர் குரலில் அப்படி ஒரு பெருமை.

கூட்டத்தை நேரலையாகக் காட்ட ஏற்பாடு செய்தவள் நான்தான். கோயிலுக்கென்று ஒரு சின்ன இணையப் பக்கம் போட்டுக் கொடுத்திருந்தேன். அதற்குள் நுழையும் சாவி, அதாவது பாஸ்வேர்டு, இரண்டு பேரிடம் மட்டும், என்னிடமும் அண்ணனிடமும். ரவாங் ஆபீசில் உட்கார்ந்து என் லேப்டாப்பில் நேரலையைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை திறந்து வைத்திருந்தேன். ஓடுகிறதா என்று பார்த்தேனே தவிர, ஓடியது என்ன என்று பார்க்கவில்லை. சத்தத்தைக்கூட அமுக்கி வைத்திருந்தேன்.

மூன்று மாதத்தில் அந்த மானேஜருக்கு மாற்றல் வந்துவிட்டது. புதிதாக வந்தவர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். "எனக்கு முன்னால என்ன பேசினாங்கன்னு எனக்குத் தெரியாது. எழுத்துல ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டார். எழுத்தில் ஒன்றும் இல்லை. கம்பெனிக்குப் போன பட்டியலிலும் அந்த ஒன்பது பேர் இல்லை. சூடம் புகையாகிப் போய்விட்டது, மிச்சம் இருந்தது வீடியோ மட்டும்தான். அதைப் பார்க்கலாம் என்று ஆளாளுக்குப் போனை எடுத்தால், நாற்பத்தோராம் நிமிடத்தில் படம் நின்று ஒரு வட்டம் சுற்றுகிறது. சுற்றிக்கொண்டே இருக்கிறது.

அப்பா சொன்னார். சுங்கை பெசாரில் கட்டிக்கொடுத்திருக்கும் சித்தி மகள் சொன்னாள். நான் என் லேப்டாப்பைத் திறந்து பார்ப்பேன், வழுக்கிக்கொண்டு ஓடும். "இங்க நல்லாத்தானே ஓடுது?" என்பேன். அண்ணனும் அதையே சொன்னான். "தோட்டத்து இன்டர்நெட் லைன் பத்தித் தெரியாதா பாப்பா? மழ பேஞ்சா போயிரும் லா."

இந்த இடத்தில் படம் எப்படி ஓடுகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். இணையத்தில் நீளமான படத்தை அப்படியே முழுசாக அனுப்புவதில்லை. ஆறு ஆறு வினாடித் துண்டுகளாக நறுக்கி, எதற்குப் பின் எது என்று ஒரு பட்டியலும் எழுதி, சர்வரில் வைத்துவிடுவோம். பிரவுசர் அந்தப் பட்டியலை வாசித்து, துண்டுகளை வரிசையாகக் கேட்டு வாங்கி ஒட்டிக் காட்டும். பார்க்கிறவருக்கு ஒட்டுத் தெரியாது. அண்ணனுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவள் நானே. "காலையில பெரட்டுல நீ பேர் கூப்புடுற மாதிரிதான்ணே. பட்டியல்ல பேர் இருந்து ஆள் வரலைன்னா, பிரவுசர் அங்கேயே நின்னு கூப்புட்டுக்கிட்டே இருக்கும்." அவன் விழுந்து விழுந்து சிரித்தான். துண்டுகள் எங்கே இருக்கும், எப்படிப் பெயர் வைத்திருக்கிறது என்றெல்லாம் கேட்டான். கோயில் வேலையில் இவ்வளவு அக்கறையா என்று பூரித்துப் போனேன். மடச்சி.

ஒரு சனிக்கிழமை காலையில் தோட்டத்துக்குப் போனேன். அப்பாவின் போனில் போட்டுப் பார்த்தேன். நாற்பத்தோரு நிமிடம், வட்டம். வீட்டு லைனை விட்டு என் போன் லைனில் போட்டேன், அங்கேயே நின்றது. வேறு பிரவுசர், அதுவும் அங்கேயே. சரி, லைன் நன்றாகக் கிடைக்கிற இடத்துக்குப் போவோம் என்று அப்பாவின் போனை வாங்கிக்கொண்டு செகிஞ்சானுக்குக் காரை விட்டேன். வயல் ஓரத்துக் கடையில் பால் சேர்க்காத ஐஸ் டீ, ஒரு தே ஓ ஐஸ், வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அங்கேயும் அதே நிமிடம், அதே வினாடி. அப்போதுதான் எனக்கு உறைத்தது. லைன் கோளாறு என்றால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு இடத்தில் நிற்கும். இது இடம் பார்த்து நிற்கிறது. விரலால் இழுத்து ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலேயே தள்ளி விட்டேன். நாற்பத்திரண்டாம் நிமிடத்திலிருந்து ஒன்றுமே நடக்காததுபோல் ஓடியது.

அந்த நேரம் பார்த்து அண்ணன் கூப்பிட்டான். எங்கே இருக்கிறாய், என்ன செய்கிறாய் என்று விசாரித்தான். சொன்னேன். பிறகு, "ஒன் லேப்டாப்புல மொதல்ல கேஷ கிளியர் பண்ணிப் பாரு பாப்பா. நீதானே எல்லாருக்கும் அதச் சொல்லுவே?" என்றான். கேஷ் என்பது பிரவுசரின் சேமிப்பு. ஒருமுறை வாங்கிய துண்டுகளை அது கம்ப்யூட்டரிலேயே எடுத்து வைத்துக்கொள்ளும், அடுத்த முறை சர்வரிடம் போய் நிற்காது. எதற்கும் முதலில் அதைத் துடைத்துப் பார் என்பது நான் ஊருக்கெல்லாம் சொல்லும் வைத்தியம்தான்.

லேப்டாப்பைத் திறந்து அந்தப் பொத்தான் வரைக்கும் போய்விட்டேன். துடைத்தால் ஆபீஸ் வேலைகளிலிருந்தெல்லாம் வெளியேற்றிவிடும், மறுபடியும் ஒவ்வொன்றாக உள்ளே நுழைய வேண்டும். சோம்பேறித்தனம். துடைக்காமல், சேமிப்பைத் தொடாத தனிச் சன்னல் ஒன்றைத் திறந்து அதில் படத்தைப் போட்டேன். என் லேப்டாப்பிலும் நாற்பத்தோராம் நிமிடத்தில் வட்டம் சுற்றியது.

பிறகு வேலை தெரிந்தவள் செய்ய வேண்டியதைச் செய்தேன். பிரவுசர் சர்வரிடம் எதையெல்லாம் கேட்டது, சர்வர் என்ன பதில் சொன்னது என்று காட்டும் பலகையைத் திறந்தேன். நானூற்று ஒன்பதாம் துண்டு வரை ஒழுங்காக வந்திருந்தது. நானூற்றுப் பத்து சிவப்பு: அப்படியொரு கோப்பு இல்லை. மறுபடி மறுபடி கேட்டிருக்கிறது, ஒவ்வொரு முறையும் சிவப்பு. ஒவ்வொன்றாக நானே கேட்டுப் பார்த்தேன். நானூற்று இருபது வரைக்கும் இல்லை, பதினோரு துண்டுகள். பட்டியலில் பெயர் இருந்தது, சர்வரில் ஆள் இல்லை. என் பழைய சன்னலில் மட்டும் அந்தப் பதினொன்றும் ஓடின. நேரலையன்று வாங்கியதை என் பிரவுசர் அப்படியே வைத்திருந்தது. இரண்டு வாரமாக நான் பார்த்தது கோயிலில் இருந்த படத்தையல்ல, என் பெட்டியில் இருந்த படத்தை.

முதலில் என்மேல்தான் சந்தேகப்பட்டேன். பழைய துண்டுகளைத் தானாக நீக்கும் அமைப்பு ஒன்று உண்டு, அதை நான் அணைக்க மறந்திருக்கலாம் என்று தேடினேன். ஆனால் அது முன்னாலிருந்து நீக்கிக்கொண்டு வரும். நடுவயிற்றில் கை வைக்காது. அதற்குப் பிறகுதான் சர்வரின் பதிவேட்டைப் பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ஒன்று பத்துக்கு, பதினோரு கோப்புகளை நீக்கியிருந்தது அண்ணனின் சாவி.

அந்த ஞாயிறு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பாகான் நக்கோடா ஓமார் மீன்பிடிக் கிராமத்திலிருந்து நண்டு வாங்கி வந்து அண்ணி குழம்பு வைத்திருந்தார். நான் கூடத்தில் உட்கார்ந்து கையெல்லாம் குழம்பாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். "ஆபீஸ்ல சின்ன வேல, வந்துர்றேன்" என்று அண்ணன் எழுந்து போனான். திரும்பி வந்து என் தட்டில் ஒரு நண்டுக்காலை எடுத்து வைத்தான்.

விவரம் தெரியாதவன் என்றால் முழு வீடியோவையும் அழித்திருப்பான், அன்றைக்கே மாட்டியிருப்பான். இவன் பட்டியலைத் தொடவில்லை. சத்தியம் இருந்த ஒரு நிமிடத்தை மட்டும் உருவிவிட்டு, பழியை லைன்மேல் போட்டான். நான் சொல்லிக்கொடுத்த பாடத்தை ஒரு எழுத்துப் பிசகாமல் செய்திருந்தான். எனக்கு அழுகை வரவில்லை. அந்தக் கடையிலேயே எதையாவது தூக்கிப் போட்டு உடைக்க வேண்டும்போல் இருந்தது.

திரும்பும் வழியில் அவன் வீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொல்ல அவனுக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. "அண்ணே, அந்த வீடியோவ நீ ஏதாச்சும் தொட்டியா?"

"நான் ஏன் தொடப் போறேன்? பாஸ்வேர்டே மறந்து போச்சு லா." என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னான். கொஞ்சம் கழித்து, கேட்காத கேள்விக்கும் பதில் சொன்னான். "அப்பாவுக்கு என்ன இப்போ? என்கூட வந்து இருக்கட்டும். புது வீட்டுல எனக்கு மூணு ரூம் வருது. மேல உள்ளவங்க, பட்டியல்ல வேலையில இருக்குறவங்க பேர் மட்டும் எழுதிக் குடுன்னு சொல்லிட்டாங்க. நான் என்ன பண்ணட்டும்?"

"மத்த எட்டுப் பேரு?"

"எல்லாரையும் நான் பாக்க முடியுமா?" என்றான்.

கேஷைத் துடைக்கச் சொன்னது ஊர்வழக்கமாகச் சொன்னதா, இல்லை அங்கேதான் ஒரு நகல் இருக்கிறது என்று தெரிந்தே சொன்னதா? இன்றுவரை அவனிடம் கேட்கவில்லை. மற்றதையெல்லாம் எப்படியாவது செரித்துவிடலாம். இது ஒன்றுதான் செரிக்கவில்லை.

திங்கட்கிழமை மதிய உணவு நேரத்தில், என் பிரவுசரின் சேமிப்பிலிருந்து அந்தப் பதினோரு துண்டுகளையும் வெளியே எடுத்து, அதே பெயர்களில் சர்வரில் வைத்தேன். அண்ணனின் சாவியையும் செல்லாததாக்கினேன். யாரிடமும் சொல்லவில்லை, அவனிடமும் சொல்லவில்லை. அவன் எனக்குச் செய்ததைத்தான் நானும் அவனுக்குச் செய்கிறேன் என்று தெரிந்தது. தெரிந்தேதான் செய்தேன்.

அடுத்த ஞாயிறு காலை கோயில் மண்டபத்தில் புது மானேஜர் வந்து உட்கார்ந்தார். ஒன்பது குடும்பங்களும் முன்வரிசையில். செயலாளர் என்ற முறையில் அண்ணனே ஒரு வெள்ளைத் துணி கட்டி, ஆபீஸ் லேப்டாப்பையும் புரொஜெக்டரையும் கொண்டுவந்து வைத்தான். "லைன் சரியில்லாததால கொஞ்சம் நின்னு நின்னு வரும்" என்று முன்கூட்டியே மைக்கில் சொல்லியும் வைத்தான். முப்பத்தொன்பதாம் நிமிடத்திலிருந்து போட்டான்.

நாற்பது ஐம்பத்தொன்பது வந்தபோது அவன் திரையைப் பார்க்காமல் கூட்டத்தைப் பார்த்து, கையை விரித்து, வருத்தமான முகத்தைத் தயாராக வைத்திருந்தான். படம் நிற்கவில்லை. வட்டம் வரவில்லை. பழைய மானேஜரின் குரல் கேட்டது: வேலையை விட்ட ஒன்பது குடும்பத்துக்கும் வீடு உண்டு. பட்டென்று சூடத்தை அடிக்கும் சத்தம். அண்ணன் திரும்பித் திரையைப் பார்த்தான். அங்கே வெள்ளைத் துணியில் அவனே பெரிதாக நின்று, "நான் சாட்சி" என்று சொல்லி இரண்டாவது சூடத்தின் மேல் கையை இறக்கினான். அதன் பிறகு அவன் கண் கூட்டத்தில் யாரைத் தேடியது என்று எனக்குத் தெரியும். நான் தூணுக்குப் பின்னால் ஒளியவில்லை. அவன் என்னைக் கண்டுபிடிக்கும் வரை நின்றேன்.

புது மானேஜர், இதை மேலிடத்துக்கு அனுப்புகிறேன், ஒன்பது பேரின் பெயரையும் இப்போதே எழுதிக் கொடுங்கள் என்றார். அண்ணன் மேசையில் உட்கார்ந்து தாளை எடுத்தான். முன்வரிசையிலிருந்து முதலில் எழுந்தவர் அப்பா. அவர் என்னிடம் எதுவும் கேட்டதில்லை, நானும் அவரிடம் எதுவும் சொன்னதில்லை. ஆனால் இரண்டு வாரம் அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் அவர், லைன் மேல் பழி போட்டது யார் என்பதும் அவருக்குத் தெரியும். மெதுவாக நடந்து போய் மேசைக்கு முன்னால், பெரட்டில் நிற்பதுபோல், கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தன் மகனின் வலது உள்ளங்கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கிராணி ஐயா," என்றார். "எம் பேரையும் எழுதிக்குங்க."