மின்சாரம் கேட்காத பலகை

எங்கள் மேடம் செர்வா அம்பொஃபோ குமாசிப் பல்கலைக்கழகத்தில் முப்பது வருடம் பொருட்பொறியியல் கற்பித்தார். அதில் இருபது வருடம் அவருடைய ஆய்வகத்தில் திருகு முடுக்கியவன் நான். ஆகவே என் பேச்சில் பாரபட்சம் இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும்.

குடித்து வீசிய தண்ணீர்ப் பாக்கெட்டுகளை உருக்கி, மரத்தூள் கலந்து, சந்தைக் கடைகளுக்குப் பலகை செய்வதுதான் அவருடைய ஆராய்ச்சி. 'குப்பைப் புரொபசர்' என்று சக ஆசிரியர்கள் கிண்டலடித்தார்கள். உண்மையில் அவர் இணைப் பேராசிரியர்தான். ஓய்வு பெற ஒன்றரை வருடம் இருந்தது. பேராசிரியராக இன்னும் ஒரு கட்டுரை வெளிநாட்டு இதழில் வந்தாக வேண்டும்.

அதற்காகப் பலகையை இரண்டு கட்டைகள் மேல் கிடத்தி, நடுவில் எடைக்கற்களைத் தொங்கவிட்டோம். ஆறு மாதத்தில் எவ்வளவு தொய்கிறது என்று பார்க்க வேண்டும். தொய்வை ஒரு முள் காட்டும். காலையும் மாலையும் நான் நோட்டில் எழுதுவேன்.

நான்காவது மாதம் டீன் ஒபிரிக்கு அந்த அறை மேல் கண் விழுந்தது. மின்சாரத்தால் பாரம் ஏற்றும், யாரோ நன்கொடையாகத் தந்த புது எந்திரம் அங்கே வர வேண்டுமாம். பலகையை எடுத்துவிட்டு, அந்த எந்திரத்தில் சோதனையை முதலிலிருந்து செய்யச் சொன்னார். கரண்ட் போனால் அது பாரத்தை விட்டுவிடுமே என்று கேட்ட மேடம், அறையைத் தர முடியாது என்றார். மறுநாள் முத்திரையோடு கடிதம் வந்தது: 'மார்ச் மூன்று முதல் இவ்வறைக்கு மின்சாரம் முற்றிலும் துண்டிக்கப்படுகிறது. பலகைச் சோதனை அன்றே நின்றதாகக் கொள்ளப்படும்.'

எனக்கு ரத்தம் கொதித்தது. மேடம் அதை இரண்டு முறை படித்துவிட்டுக் கோப்பில் வைத்தார்.

"நம்ம பலகையில சுவிட்ச் எங்க இருக்குன்னு அந்த மனுஷன் ஒரு நாளாவது வந்து பார்த்திருக்கலாம்."

கரண்டை வெட்டிய பிறகு ஜன்னலைத் திறந்து வைத்து, வேர்க்க விறுவிறுக்க அங்கேயே பாடமும் நடத்தினார். கரண்ட் போனால் எடைக்கல் மிதக்குமா என்று கேட்பார். பிள்ளைகள் மேசையைத் தட்டிச் சிரிப்பார்கள். சிரிப்பு டீன் அறைவரை கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் நான் கதவையும் திறந்து வைத்தேன்.

ஆறு மாதம் முடிந்து கட்டுரை போனது. இதழிலிருந்து ஒரே ஒரு கேள்வி வந்தது: உங்கள் ஊரில் அடிக்கடி மின்வெட்டு ஆகுமே, சோதனை அதனால் பாதிக்கப்படவில்லை என்பதற்கு என்ன சான்று?

மேடம் டீனின் கடிதத்தை எடுத்தார். அதன் பிறகும் கரண்டே இல்லாமல் அறுபது நாள் ஒரு வேளை விடாமல் நான் குறித்திருந்த பக்கங்களையும் சேர்த்தார். டீன் சும்மா விடுவாரா என்று நான் பயந்தேன்.

"கையெழுத்து அவரோடதுதானே? நான் ஒரு எழுத்துகூட மாத்தலயே."

கட்டுரை வந்தது, கடைசிப் பக்கத்தில் அந்தக் கடிதத்தோடு. பதவி உயர்வுக் கோப்பில் டீன் கையெழுத்திட வேண்டும். கோப்பைச் சுமந்துகொண்டு நானும் கூடப் போனேன். டீன் கட்டுரையைப் புரட்டிக் கடைசிப் பக்கத்தில் நின்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்த ஒரு பக்கத்த மட்டும் கோப்புலேர்ந்து எடுத்துடலாமே, செர்வா" என்றார்.

"அதுதானே சான்று, எடுத்துட்டா சோதனை நின்னதா ஆயிடும், சார்."

டீன் பேனாவைத் திறந்தார்.