வலது கண்ணுக்குப் பின்னால்

ஸ்வென்போர்க் படகுத்துறையில் இயந்திரம் பழுது பார்க்கும் ஃப்ளெமிங் சரியான கல்லுளிமங்கன். விரல் நசுங்கினாலும் வாயைத் திறக்க மாட்டார். அப்பேர்ப்பட்டவரையே ஐம்பது வயதுக்கு மேல் ஒரு வசந்த காலத்தில் சமையலறைத் தரையில் உருள வைத்தது தலைவலி. வலது கண்ணுக்குப் பின்னால் பழுக்கக் காய்ச்சிய கம்பியைச் சொருகியது போன்ற வலி. கண் சிவந்து நீர் கொட்டும். ஒரு மணி நேரத்தில் தானாகவே போய்விடும். மறுநாள் அதே வேளைக்கு வந்து நிற்கும். பல்லில்தான் கோளாறு என்று பல் டாக்டர் இரண்டு நல்ல பற்களைப் பிடுங்கியதுதான் மிச்சம்.

தலைவலிக்கென்றே ஒரு மருத்துவமனை இருப்பதைக் கண்டுபிடித்தவள் அவர் மனைவி லோன.

"தலைவலிக்குப் போய் ஆஸ்பத்திரியா? ஊரே சிரிக்கும்டி."

"சிரிக்கட்டும். நீ சுவத்துல மண்டையை முட்டிக்கிறத ஊரா பாக்குது? நான்ல பாக்குறேன்!"

அங்கே காத்திருக்கும்போதே வலி வந்துவிட்டது. கூண்டுப் புலியாகக் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். செவிலி டோர்தே அவரைப் படுக்கச் சொல்லவில்லை. "நடங்க, இந்த வலிக்காரங்க யாராலயும் படுக்க முடியாது" என்றாள். டாக்டர் சொன்னபடி ஆக்ஸிஜன் முகமூடியை மாட்டிவிட்டாள். கால் மணி நேரத்தில் வலி வடிந்தது. ஃப்ளெமிங் வெட்கத்தை விட்டு அழுதார்.

"இன்னும் சில வாரத்துக்கு ஒரு சொட்டு பீர்கூட வேணாம். குடிச்சா அதுவே வலியக் கிளப்பிவிட்டுடும்" என்றவள், அடுத்து, "வீட்ல வேற யாருக்காவது இப்படி இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"யாருக்கும் இல்ல" என்று பட்டென்று சொல்லிவிட்டார். சொன்ன வாய் மூடவில்லை, அப்பா ஈகோனின் முகம் கண்முன் வந்தது.

ஃப்ளெமிங்கின் கல்யாண விருந்து. அதுவும் வசந்த காலம்தான். மாப்பிள்ளையின் அப்பாவாக ஈகோன் எழுந்து வாழ்த்துரை சொன்னார். எல்லோரும் கோப்பையை உயர்த்தி, கண்ணோடு கண் பார்த்து, அவர் முதலில் குடிக்கக் காத்திருந்தார்கள். ஈகோனோ தன் கோப்பையை உதட்டில்கூட வைக்காமல் மேசையில் வைத்துவிட்டு வெளியே ஓடினார். மணமக்கள் பேரில் உயர்த்திய கோப்பையைக் குடிக்காமல் வைப்பதைவிடப் பெரிய அவமானம் அந்த ஊரில் இல்லை. "ஏற்கெனவே முட்டக் குடிச்சிருக்கான் கிழவன்" என்று யாரோ சிரித்தார்கள். ஃப்ளெமிங் போய்ப் பார்த்தபோது அப்பா ஒரு கண் சிவந்து, நீர் வழிய, வண்டிகளுக்கு நடுவே சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார்.

"தலைடா... கண்ணுக்குப் பின்னால..."

"போதும்ப்பா. மானத்த வாங்கிட்டீங்க. இனிமே என் வாசப்படி மிதிக்காதீங்க."

பாவி மனுஷன், காது கொடுத்துக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஈகோனும் ரோஷக்காரர், அதன்பின் வரவே இல்லை. இரண்டு தெரு தள்ளித் தனியாகவே இருந்து, தனியாகவே செத்துப் போனார்.

ஃப்ளெமிங் அத்தனையையும் செவிலியிடம் கொட்டினார். "அவருக்கும் இதேதானா?"

"பாக்காம உறுதியா சொல்ல முடியாதுங்க. ஆனா இதே மாதிரிதான் இருக்கு."

"அவரு காலத்துல இந்த ஆக்ஸிஜன் இருந்துச்சா?"

பொய் சொல்ல டோர்தேக்கு மனம் வரவில்லை.

"இருந்துச்சு, ஃப்ளெமிங். யாராவது அவரக் கூட்டிட்டு வந்திருக்கணும், அவ்வளவுதான்."

ஃப்ளெமிங் முகமூடியை மடியில் வைத்தார்.

"அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது" என்றார். "கார் எங்கிட்டதான் இருந்துச்சு."