வெள்ளையம்மாக்கா குடித்த ஹைட்ரஜன் தண்ணீர்

இந்த வாரமும் ஏதாவது சிரிக்கச் சிரிக்கச் சொல்வேன் என்று பக்கத்தைத் திருப்பியிருந்தால், மன்னித்துக்கொள்ளுங்கள். நான் கோபத்தில் இருக்கிறேன். மூன்று வாரமாகியும் ஆறவில்லை.

கொல்லிமலையில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் மருந்தாளுநர் என்பது உங்களுக்குத் தெரியும். மாத்திரை எண்ணிக் கொடுக்கிற வேலை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை வெள்ளையம்மாக்கா கவுன்ட்டருக்கு வந்தார். எங்கள் குவார்ட்டர்ஸுக்குக் கீழே மிளகும் குச்சிக்கிழங்கும், அதாவது மரவள்ளியும், போட்டிருக்கிற பக்கத்து வீட்டுக்காரர். பல வருஷமாகச் சர்க்கரை. மாதாமாதம் என்னிடம்தான் மாத்திரை வாங்குவார்.

அன்றைக்கு வாங்க வரவில்லை. திருப்பிக் கொடுக்க வந்திருந்தார்!

ஒரு பிளாஸ்டிக் கவரைக் கவுன்ட்டரில் கவிழ்த்தார். சர்க்கரை மாத்திரை... அட்டை அட்டையாக. ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை. மூன்று மாதத்து மாத்திரை அப்படியே இருந்தது.

"என்னக்கா இது?"

"எனக்கு இனி வேண்டாமுங்கம்மா. நீங்க குடுக்கறப்ப வேண்டாம்னு சொல்ல வாய் வரல, வாங்கி வாங்கி வெச்சுட்டேன். வீணாப் போகுதுங்க. இல்லாதவங்க யாருக்காச்சும் குடுங்க."

"வேண்டாம்னு யாருக்கா சொன்னது?"

"உங்களுக்குத் தெரியாதுங்களா? உங்க ஊட்டு மிஷின் தண்ணிதானுங்க குடிக்கறேன். இதக் குடிச்சா மாத்திரை எதுக்குன்னு சார் சொன்னாருங்களே!"

சார் என்றால் என் வீட்டுக்காரர். பள்ளிக்கூட வாத்தியார். என்ன பாடம் என்று கேட்கிறீர்களா? அறிவியல். நன்றாகச் சிரியுங்கள்.

அந்த ஹைட்ரஜன் தண்ணீர் மிஷின் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். நாமக்கல்லில் ஏதோ ஒரு ஹோட்டல் ஹாலில் கூட்டம் என்று நண்பர் ஒருவர் இவரை இழுத்துக்கொண்டு போனார். கோட் போட்ட ஓர் ஆள் கண்ணாடி டம்ளர்களில் ஏதோ சொட்டு விட்டானாம், தண்ணீர் நிறம் மாறியதாம். அவ்வளவுதான், விழுந்துவிட்டார் மனுஷர். சர்க்கரை, பிரஷர், மூட்டுவலி, முடி உதிர்வது... அந்தத் தண்ணீர் தீர்க்காத வியாதியே கிடையாதாம். பிள்ளைகளிடம் "ஆதாரம் எங்கே?" என்று கேட்கிற ஆள், அங்கே ஒரு கேள்வி கேட்டிருக்கக் கூடாதா?

ஊற்றுத் தண்ணீர் குழாயில் வருகிற ஊரில் சமையல் மேடையில் பாதியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தது மிஷின். கரண்ட் போனால் கத்தும். வோல்ட்டேஜ் குறைந்தால் சிவப்பு விளக்கு எரியும். பிடித்த பத்து நிமிஷத்துக்குள் குடிக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் ஹைட்ரஜன் பறந்துவிடுமாம். டம்ளரோடு என்னைக் குளியலறை வரைக்கும் துரத்தியிருக்கிறார். வீட்டுக்கு யார் வந்தாலும் ஒரு டம்ளர் தண்ணீர், அரை மணி நேரம் லெக்சர். வெள்ளையம்மாக்கா தினமும் பாட்டிலிலேயே பிடித்துக்கொண்டு போவார்.

நான் என்ன செய்தேன்? தலையில் அடித்துக்கொண்டு சிரித்தேன். வெறும் தண்ணீர்தானே, யாருக்கு என்ன கெட்டுவிடப் போகிறது என்று விட்டுவிட்டேன்.

கவுன்ட்டருக்கு வருகிறேன். அப்போதுதான் வெள்ளையம்மாக்காவின் காலைப் பார்த்தேன். இடது காலில், கட்டைவிரலுக்குப் பக்கத்து விரலில் ஒரு துணி சுற்றியிருந்தது. துணி ஈரமாக இருந்தது. வாடை வேறு.

"காலுல என்னக்கா?"

"கெழங்கு தோண்டறப்ப மம்பட்டி பட்டுருச்சுங்க. பத்து நாளாச்சு. ஆனா பாருங்க, துளி வலியில்லீங்க! எல்லாம் அந்தத் தண்ணிதானுங்க."

சர்க்கரை முற்றி உணர்ச்சி செத்துப்போன கால் அது. வலி தெரியாததைத் தண்ணீரின் மகிமை என்று நம்பி, அந்தக் காலோடு பத்து நாள் காட்டில் நின்றிருக்கிறார்.

நர்ஸ் கைவிரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார். மீட்டரில் எண்ணே வரவில்லை. 'அதிகம்' என்று மட்டும் காட்டியது. டாக்டர் புண்ணைப் பார்த்துவிட்டு, காலைக் காப்பாற்ற வேண்டுமானால் இப்போதே கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்றார். ஆம்புலன்ஸில் ஏற்றும்போதுகூட வெள்ளையம்மாக்கா, "தண்ணி பாட்டில ஊட்டுல வெச்சுட்டு வந்துட்டேனுங்களே" என்றார்.

சாயங்காலம் வீட்டில் நான் போட்ட சத்தம் மேல் தெருவரைக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும்!

"மாத்திரைய நிறுத்துன்னு நான் சொல்லவே இல்ல" என்றார் இவர். "தேவைப்படாதுன்னுதான் சொன்னேன்."

என்ன ஒரு வித்தியாசம் பாருங்கள்! இப்படி நழுவுகிற வித்தையையும் அந்த ஹாலில் சேர்த்தே சொல்லிக் கொடுத்தார்களோ? கோட் போட்டவனைக் கேட்டாலும் இதையேதான் சொல்வான். 'நான் மருந்து என்று சொன்னேனா?' என்பான். எவனும் எதையும் சொல்லவில்லை. ஆனால் ஒரு மனுஷியின் கால் மட்டும் அழுகியிருக்கிறது. மிஷினின் பிளக்கைப் பிடுங்கினேன். வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொள்ளாத குறையாகத் திட்டினேன்.

ஒரு விரலை எடுத்துவிட்டார்கள். கால் தப்பியது. எல்லோரும் 'தப்பித்தது' என்கிறார்கள். மலைக்காட்டில் மேடும் பள்ளமும் ஏறி இறங்கிப் பிழைக்கிறவருக்கு ஒரு விரல் போவது சாதாரணமா என்ன?

போன ஞாயிற்றுக்கிழமை அவர் வீடு திரும்பினார். இவரை இழுத்துக்கொண்டு போனேன். வெள்ளையம்மாக்கா கட்டுப் போட்ட காலை நீட்டிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்னைத் திட்டுவார், குறைந்தபட்சம் முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று நினைத்தேன். "வாங்க, உக்காருங்க" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"தப்பு பண்ணிட்டேனுங்க" என்றார் இவர், தலையைக் குனிந்துகொண்டு.

"உங்களச் சொல்லி என்னங்க சார் ஆகப்போகுது? மாத்திரை குடுக்கற அம்மா ஊட்டுத் தண்ணியாச்சேன்னு நம்புனேன்."

அவர் என்னைக் குத்திக் காட்டவில்லை, நடந்ததைத்தான் சொன்னார். இவரையோ கோட் போட்டவனையோ அவர் நம்பவில்லை. நம்பியது என்னை.

பிறகு அவராகவே கேட்டார்.

"ஏனுங்க சார், உங்களுக்கும் பிரஷர்னு சொல்லுவீங்களே. நீங்க எப்பங்க மாத்திரைய நிறுத்துனீங்க?"

இவர் என்னைப் பார்த்தார். வெள்ளையம்மாக்காவும் என் பக்கம் திரும்பினார்.

"நிறுத்தலக்கா" என்றேன். "தெனமும் காலைல நான்தான் எடுத்துத் தர்றேன்."

இத்தனை மாதமும் இவர் அந்த மாத்திரையை அந்த மிஷின் தண்ணீரில்தான் விழுங்கினார் என்பதைச் சொல்ல மட்டும் எனக்கு வாய் வரவில்லை.