செசிலியின் முழங்காலுக்குக் கீழே

விடிந்ததும் செசிலி தன் இடது காலோடுதான் முதலில் பேசுகிறாள். பாயில் உட்கார்ந்தபடி காலை நீட்டி, கட்டின் மேல் விரலை மடக்கித் தட்டுகிறாள். "வந்துட்டியா?" என்று கேட்கிறாள். கேட்பது எலும்பை.

மடுல்சீமை மலையில் தேயிலைக் கொழுந்து மூட்டையோடு சறுக்கி விழுந்து முறிந்த கால் அது. சீழ் வைத்து, உள்ளே இரண்டு அங்குல எலும்பு செத்துப்போனது. பதுளை ஆஸ்பத்திரியில் டாக்டர் அதை வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வெள்ளையாய் ஒரு துண்டை வைத்துத் தைத்தார். அதே மாதிரி இன்னொன்றை அவள் கையில் கொடுத்தும் காட்டினார்.

"பேக்கரி பாண் துண்டு மாதிரி ஒடம்பெல்லாம் ஓட்டைங்க. மேல என்னமோ பூச்சு பூசியிருக்காம். அத மோந்துகிட்டு நம்ம எலும்பு ஊர்ந்து வந்து ஓட்டையெல்லாம் அடைச்சிருமாம்." லயத்து வரிசை வீடுகளில் அவள் வாயால் இதைக் கேட்காத ஆள் இல்லை. சோற்றில் நெத்தலித் தலையைக் கடிக்கும்போதெல்லாம், "இது எனக்கில்ல, அதுக்கு" என்பாள்.

டாக்டர் சொன்ன இன்னொன்றை அவள் அவ்வளவு உரக்கச் சொல்வதில்லை. ஆறு மாதம் அந்தக் காலை ஊன்றக்கூடாது. ஊன்றினால் துண்டு நொறுங்கும். பிறகு காலையே எடுக்க வேண்டிவரும். இப்போது மூன்று மாதம்தான் ஆகிறது.

தோட்டத்து ஆபீசுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. லீவு மூன்று மாதம்தான், இன்றைக்கு இரண்டு காலில் வேலைக்கு வந்து நிற்காவிட்டால் பேரை வெட்டுவோம் என்று சொல்லிவிட்டார்கள். புருஷன் செத்த பிறகு அந்தக் குடும்பத்தில் தோட்டத்துப் பேர் அவளுடையது ஒன்றுதான். பேர் போனால் தோட்டம் கொடுத்த ஒற்றை அறை, அந்த லயத்துக் காம்பராவும் போகும். மகள் ஜெசிந்தினி கைக்குழந்தையோடு அங்கேதான் கிடக்கிறாள்.

"அக்கா, வேணாங்க்கா. காலு போயிரும்," என்று கெஞ்சினாள் அடுத்த காம்பரா விஜயலெட்சுமி.

"காலு போனா என்னோட போச்சு. காம்பரா போனா புள்ளயத் தூக்கிட்டு அவ எங்கடி போவா? அதோட மூணு நாளா வலியே இல்ல. எலும்பு வந்திருச்சு போல."

வலி இல்லாவிட்டால் எலும்பு வந்துவிட்டது என்று அவளுக்கு யார் சொன்னார்களோ!

கொழுந்து பறிக்கும்போது கட்டும் சாக்குப் படங்கை இடுப்பில் சுற்றி, கட்டு தெரியாதபடி கணுக்கால் வரை இறக்கிவிட்டுக்கொண்டாள். கக்கத்துக் கட்டையை ஊன்றி ஊன்றிப் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மூச்சு இரைத்தது. கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்டுக்கொண்டே வந்தார்.

"செசிலி!"

கட்டையைப் பின்னால் நின்ற விஜயலெட்சுமியின் கையில் திணித்தாள். "இருக்கேங்க" என்று சொல்லி, இடது காலைத் தரையில் வைத்து, முழு உடம்பையும் அதன்மேல் இறக்கினாள்.