வெள்ளி ஸ்பூனில் விழாத மீன்கள்

என் கணவருக்கு ஐம்பத்து நான்கு வயதில் இனிப்புநீர் நோய், அதாவது சர்க்கரை வியாதி, கண்ணைப் பிடித்துக்கொண்டது. இடது கண் முழுதாகப் போய்விட்டது. வலது கண்ணில், புகைக்குள்ளிருந்து பார்ப்பதுபோல வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரியும் என்றார். கமுந்திங்கில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் வேலை. ஈப்போவிலிருந்து தினமும் தானே காரோட்டிப் போய் வந்த மனிதர். வேலை போயிற்று. கார் சாவி என் கைக்கு வந்தது.

அதன் பிறகு ஈப்போ சிலிபினில் எங்கள் வீட்டு ஹாலில், தரையில் உட்கார்ந்து தன் மீன்பிடிப் பெட்டிகளைத் திறந்து வைத்துக்கொண்டு பொழுதைக் கழித்தார். புழுவோ இறாலோ கோத்து உட்கார்ந்திருக்கிற ஆள் இல்லை அவர். கெவாங் என்று இங்கே எல்லாரும் சொல்கிற பொய் மீன்களைத் தூர வீசி, இழுத்துத்தான் பிடிப்பார். மரத்தில் ஒன்று, தகட்டில் ஒன்று, ரப்பரில் ஒன்று என்று முப்பது வருடமாகச் சேர்த்தது. எனக்கு அந்தப் பெட்டிகள் மேல் பிரியம் இருந்ததில்லை. எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் அவைதான் தின்றன.

நாலு மாதம் கழித்து ஒரு நாள், "என்னைக் குட்டைக்குக் கூட்டிட்டுப் போறியா?" என்றார்.

அங்கே போய் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"நீ வீசு. நான் சொல்றேன்."

பத்து காஜா ஊர்ப் பக்கம் போகிற வழியில், ஈயம் தோண்டிய பள்ளத்தில் நீர் தேங்கிய ஒரு பழைய ஈயக் குட்டை அது. ஒரு பக்கம், ரப்பர் தோட்டமாக இருந்த நிலம். இப்போது பாதி எண்ணெய் எடுக்கும் செம்பனை, பாதி வரிசை வீடுகள். மறுபக்கம் சுண்ணாம்புக் குன்று. அந்தத் தண்ணீரில் பீக்காக் பாஸ் என்கிற மீன் இருந்தது. மஞ்சளும் பச்சையும் கலந்த உடம்பு, முதுகிலிருந்து இறங்கும் மூன்று கரும்பட்டை, வாலில் மயிலிறகின் கண்போல ஒரு வட்டம். எந்த நாட்டு மீனோ, யாரோ கொண்டுவந்து விட்டது, ஈயக் குட்டைகளில் பெருகிவிட்டது. சண்டைக்கார மீன்.

முதல் மூன்று வாரம் நான் மரக்கிளைகளைத்தான் பிடித்தேன். வீசுவதுகூடப் பிறகு பிடிபட்டுவிட்டது. அவருடைய கேள்விகளுக்குப் பதில் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. தண்ணீர் எப்படி இருக்கிறது என்பார். நல்லா இருக்கு என்பேன். நல்லா இருக்குன்னா என்ன நிறம், அடி தெரிகிறதா, காற்று எந்தப் பக்கத்திலிருந்து, குட்டி மீன் துள்ளுகிறதா, புல் தண்ணீருக்குள் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று அடுக்குவார். கடைசியில் நாங்கள் இரண்டு பேருக்கும் புரிகிற ஒரு வழி கண்டுபிடித்தோம். பாலில்லாத தேநீரான 'தே ஓ' என்றால் தெளிந்த தண்ணீர், பால் கலந்து ஆற்றிய 'தே தாரேக்' என்றால் கலங்கியது.

நான் சொல்லி முடித்ததும் அவர் விரல்கள் பெட்டிக்குள் போகும். விடிந்து காற்று எழாத நேரமென்றால் பாப்பர். நீர்மேல் மிதந்து, சுண்டினால் 'ப்ளுக்' என்று தண்ணீரைத் துப்பும். சுண்டிவிட்டு நிறுத்து, வளையம் அடங்கட்டும், மறுபடி சுண்டு என்பார். வெயில் ஏறினால், முகவாயில் பிளாஸ்டிக் நாக்கு வைத்த பொய் மீன். நாக்கு நீளமாக இருந்தால் ஆழம் போகும். கட்டைவிரலால் அளந்து எடுப்பார். புல்லுக்குள் என்றால் முள் வெளியே தெரியாத ரப்பர் தவளை. கரையோரம் ஒரு ஜோடி மீன், குஞ்சுக் கூட்டத்தைக் காத்துக்கொண்டு நிற்கிறது என்று சொன்னால் உடனே நரம்பைச் சுற்றி எடுக்கச் சொல்வார். அங்கே வீசவே கூடாது. எது எப்படியானாலும் இந்த மீனுக்கு வேகமாக இழுக்கணும், தப்பி ஓடுகிறதைத்தான் துரத்தும் என்பது அவர் கொள்கை.

வருடக் கடைசி மழை தொடங்கியதும் குட்டை தே தாரேக் ஆனது. அவர் பெட்டியிலிருந்து வெள்ளி ஸ்பூனை எடுத்தார். கரண்டிக் குழிபோல வளைந்த தகடு, இழுத்தால் புரண்டு புரண்டு மின்னும். என்றோ ஒரு மழைக்குப் பிறகு அவர் வாழ்க்கையிலேயே பெரிய மீன் அதில்தான் விழுந்ததாம். இரண்டு சனிக்கிழமை காலை முழுக்க அதையே வேகவேகமாக இழுத்தேன். ஒரு கடியும் இல்லை. மாற்றலாமா என்று கேட்டதற்கு, "முப்பது வருசமா புடிக்கிறேன்லா, சொல்றத செய்யி" என்றார்.

மூன்றாவது வாரம், ஈப்போவில் நானே கடையில் பார்த்து வாங்கிய ஒரு மஞ்சள் ரப்பர் மீனைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனேன். தலையில் ஈயக் குண்டு வைத்த ஒற்றை முள்ளில் மாட்டுவது. தண்ணீரில் விழும் சத்தம் ஏறக்குறைய ஸ்பூன் மாதிரியே இருக்கும். அவர் செம்பனை நிழலில் நாற்காலியில் இருந்தார். அவருக்குத் தெரியாமல் ஸ்பூனுக்குப் பதில் அதைக் கட்டி, தோள் வலித்ததால் மெதுவாக இழுத்தேன். மூன்றாவது வீச்சில் தூண்டில் கோல் வளைந்தது.

மீனைக் கரைக்கு இழுத்து, முள்ளைக் கழற்றி, ரப்பரைப் பைக்குள் போட்டுவிட்டுத்தான் அவர் கையில் மீனைக் கொடுத்தேன். எதில் விழுந்தது என்று கேட்டார். உங்கள் ஸ்பூனில்தான் என்றேன். கண் போனதிலிருந்து அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை. அதற்காகத்தான் சொன்னேன் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். சண்டை போட எனக்கு அலுப்பாக இருந்தது என்பதும் உண்மை.

ஐந்து வாரத்தில் ஏழு மீன். ஏழும் மஞ்சள் ரப்பரில். ஏழும் அவர் கணக்கில் வெள்ளி ஸ்பூன். அவர் அதை வைத்து ஒரு பாடமே கட்டிவிட்டார். கலங்கிய தண்ணீரில் வெள்ளிதான், வேகம்தான் என்று பழைய தொழிற்சாலை நண்பரிடம் போனில் விளக்குவார். அந்த நண்பர் ஒரு நாள் புந்தோங் கடைத்தெருவில் என்னைப் பார்த்தார். "அண்ணே சொன்னாருன்னு மூனு வாரமா வெள்ளியே போட்டு இழுக்கிறேன் அக்கா. ஒன்னும் கடிக்கல. எனக்குத்தான் கை சரியில்ல போல" என்றார். நான் காய்கறிப் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு, மழை விடட்டும் என்று ஏதோ சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்குப் போனதும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தது. போனால் அவர் ஸ்பூனுக்கு எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த சனிக்கிழமை விழுந்தது பெரிய மீன். கரை சேறாக இருந்தது, எனக்குக் கால் வழுக்கியது, இரண்டு கையாலும் கோலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மீன் கரையோரம் அடிக்கிற சத்தத்தை வைத்தே அவர் எழுந்து வந்து, குனிந்து, தாடைக்குள் கட்டைவிரலை விட்டுத் தூக்கிவிட்டார். மறுகை முள்ளைத் தேடிப் போனது. அங்கேயே நின்றது.

"இது ரப்பரு," என்றார்.

நான் கோலைக் கீழே வைத்தேன்.

"எத்தன நாளா?"

"மழ ஆரம்பிச்ச மூனாவது வாரத்திலேர்ந்து."

"எல்லா மீனுமா?"

"எல்லாமே இதுலதான்."

அவர் மீனைத் தண்ணீருக்குள் இறக்கிப் பிடித்தார். நான் முள்ளைக் கழற்றியதும் கையை விட்டுவிட்டார். வீட்டுக்குப் போலாம் என்றார். புந்தோங் சாலை சமிக்ஞை விளக்கில் சிவப்பு விழுந்து நின்றோம்.

"எனக்குத் தெரியிறது நீ சொல்றது மட்டும்தான்," என்றார். "அதுலயும் பொய் சொன்னா நான் எங்க போயி நிப்பேன்?"

நீங்கள் சந்தோஷமாக இருந்தீர்களே என்றேன். அது எவ்வளவு கேவலமான பதில் என்று சொல்லும்போதே தெரிந்தது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். நண்பருக்குப் போன் செய்து நடந்ததைச் சொல்லிவிட வேண்டும், அந்த ஆள் வீணாக அலைகிறார் என்று. கணவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, நான் நண்பரிடம் சொன்னேன். நண்பர் முதலில் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, பரவாயில்லை அக்கா என்றார்.

பெட்டிகள் இரண்டு வாரம் மூடியே கிடந்தன. மூன்றாவது சனிக்கிழமை நான் தனியாகப் போனேன். தண்ணீர் இன்னும் கலங்கலாகத்தான் இருந்தது. ஒரு மணி நேரம் மஞ்சள் ரப்பரை மெதுவாக இழுத்தேன், ஒன்றுமில்லை. அப்புறம் அவருடைய வெள்ளி ஸ்பூனைக் கட்டினேன். அவர் சொன்ன வேகத்தில் அரை மணி நேரம் இழுத்தும் ஒன்றுமில்லை. கை ஓய்ந்து, அதையே குட்டையின் அடித்தரையோடு மெல்ல உருட்டினேன். உள்ளங்கை நீளத்தில் ஒரு சின்ன மீன் வந்தது. அதை விட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கரையில் உட்கார்ந்திருந்தேன். ஸ்பூனில் மீன் விழுந்தது என்று நான் போய்ச் சொன்னால் அவர் நம்புவாரா?

நம்பினாரோ இல்லையோ, சொன்னேன். ரப்பரில் ஒன்றும் விழாததையும் சொன்னேன். அவர் அந்த ஏழு மீனையும் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னார். எந்த இடம், எவ்வளவு ஆழம், இழுக்கும்போது பிடித்ததா, நிறுத்தும்போதா. எனக்கு நினைவில்லாத இடத்தில் நினைவில்லை என்றேன். மதியச் சாப்பாடு ஆறிப்போனது.

"அப்ப நிறம் இல்ல. வேகத்தக் கொறைக்கிறதுதான்," என்றார் கடைசியில். "கலங்கலா இருந்தா அதுக்கும் கண்ணு தெரியாது. கிட்ட வந்து தேட நேரம் குடுக்கணும். நான் சொன்னதும் தப்பு, மஞ்ச ரப்பர்தான்னு நீ நெனச்சதும் தப்பு."

அதன் பிறகு மறுபடியும் போக ஆரம்பித்தோம். பல மாதங்கள், நான் மீனைக் கரைக்குக் கொண்டுவந்ததும் முள்ளைக் கழற்றும் முன் அவர் கையை நீட்டுவார். வாயிலிருப்பது என்ன என்று தடவிப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுவார். முதலில் எனக்குச் சுருக்கென்று இருந்தது. மீன் துள்ளி முள் அவர் விரலில் ஏறிவிடாதபடி அதை அழுத்திப் பிடித்துக்கொடுப்பது என் வேலை என்று பிறகு எடுத்துக்கொண்டேன்.

இப்போது குட்டையில் நாங்கள் நிறையச் சண்டை போடுகிறோம். போன வாரம் காற்று பலமாக இருந்தது, தண்ணீர் முழுக்க நெளிநெளியாக அலை. பாப்பர் போடு என்றார். இந்த அலையில் அது துப்புகிற சத்தம் மீனுக்கு எப்படிக் கேட்கும், நான் கட்ட மாட்டேன் என்றேன். அப்படியென்றால் உன் இஷ்டப்படி போடு, எதைப் போட்டாய் என்று மட்டும் சொல்லு என்றார். நாக்கு நீளமான பச்சை மீன் என்றேன். அதற்கு இந்தக் கரையில் ஆழம் போதாது, அடியில் சிக்கும் என்றார். சிக்கியது. அவர் வெட்டும் குறட்டை எடுத்து என் பக்கம் நீட்டினார். நான் தூண்டில் நரம்பை அறுத்துவிட்டு, அவர் சொன்னதைக் கட்டினேன். அதிலும் மீன் விழவில்லை. பத்து மணிக்கு வெயில் ஏறியதும் நாற்காலியை மடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.